கோவா டிரான்ஸும் நான்கு மில்லிமீட்டர் நாடாவும்

அஞ்சுனா கடற்கரையில் வினைல் இசைத்தட்டு நீண்ட நாள் தாங்காது. வெயிலில் விளிம்பு நெளிந்துபோகும். உப்புக் காற்றும் புழுதியும் வரிப்பள்ளங்களில் ஏறிக்கொள்ளும். அங்கே விடிய விடிய நடந்த கொண்டாட்டங்களில் இசை போட்டவர்கள் தட்டுகளை ஒதுக்கிவிட்டு நாடாவுக்கு மாறியதற்கு இது பெரிய காரணம். 1980-களில் கேசட், 1990-களில் டாட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட டிஜிட்டல் ஆடியோ டேப். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி, அதற்குள் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் அகல நாடா. ஓர் இரவு முழுவதற்குமான இசையைத் தோள்பையில் போட்டுக்கொண்டு போகலாம். அப்படிப் பையில் போன படைப்புகளில் பல, வேறெந்த வடிவிலும் வெளிவரவே இல்லை. இன்று அவற்றைக் கேட்க வேண்டுமென்றால் அந்த நாடாவைப் படித்தாக வேண்டும்.

கோவா டிரான்ஸ் உருவான கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1960-களின் இறுதியிலிருந்து மேற்கு நாட்டு ஹிப்பிகள் கோவாவின் வடக்குக் கடற்கரைகளுக்கு வந்து தங்கினார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 1970-இல் வந்து, பின்னாளில் 'கோவா கில்' என்று அறியப்பட்ட கில்பர்ட் லெவி அவர்களில் ஒருவர். 2023 அக்டோபரில் மறைந்தார். ராக், ரெகே என்று ஒலித்த கடற்கரையில் 1980-களில் மின்னணு இசை நுழைந்தது. லோரான் என்ற பிரெஞ்சுக்காரரைப் போன்றவர்கள் ஐரோப்பிய நடனப் பாடல்களிலிருந்து குரல் வரும் இடங்களை வெட்டியெறிந்து, கருவியிசை மட்டும் உள்ள பகுதிகளை நீட்டி ஒட்டிக் கேசட்டாக்கினார்கள். அதைக் கேட்டு ஆடிவிட்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ், இஸ்ரேலிய, பிரெஞ்சு, ஜெர்மானிய, ஜப்பானிய இளைஞர்கள் அதே கடற்கரைக்காகவே புதிய இசையைச் செய்யத் தொடங்கினார்கள். லண்டனில் டிராகன்ஃபிளை, டிப் ஆகிய லேபிள்கள் 1993, 94-இல் பிறந்தன. 1994 டிசம்பரில் பால் ஓக்கன்ஃபோல்ட் பிபிசி ரேடியோ 1-இல் இரண்டு மணி நேரம் இந்த இசையை ஒலிபரப்பினார். மறு ஆண்டு, ஹாலுசினோஜென் என்ற பெயரில் சைமன் பாஸ்ஃபோர்டு 'ட்விஸ்டட்' தொகுப்பை வெளியிட்டார். அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் அலை வடிந்தது. லேபிள்கள் பல மூடப்பட்டன.

வெளிவந்தவை போக, வெளிவராதவைதான் அரிய பதிவுகள். ஒருவர் வீட்டு ஸ்டுடியோவில் முடித்த இசையை டாட்டில் பதிந்து கோவாவில் டி.ஜே. ஒருவரிடம் கொடுப்பார். அவர் அதை இன்னொருவருக்குப் படியெடுத்துத் தருவார். லேபிள் இல்லை, உறை இல்லை. பெட்டியின் முதுகில் பேனாவால் எழுதிய ஒரு பெயர் மட்டும். இப்போது 'டாட் ரெக்கார்ட்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு சிறு லேபிள் இத்தகைய நாடாக்களைத் தேடியெடுத்து வெளியிட்டு வருகிறது. இந்த வேலையில் அறிவியல் எங்கே முடிகிறது, ரசனை எங்கே தொடங்குகிறது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதற்கு முதலில் நாடாவுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

சோனி 1987-இல் அறிமுகப்படுத்திய டாட் கருவிக்குள் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை நிமிடத்துக்கு 2,000 முறை சுழல்கிறது. அதில் எதிரெதிராக இரண்டு காந்தத் தலைகள். நாடா அந்த உருளையைக் கால் வட்டம் மட்டும் தழுவிக்கொண்டு, நொடிக்கு 8.15 மில்லிமீட்டர் என்ற நத்தை வேகத்தில் நகர்கிறது. உருளை சற்றே சாய்ந்திருப்பதால், தலைகள் நாடாவின் குறுக்கே சரிவாகக் கோடு கிழித்துச் செல்கின்றன. ஒவ்வொரு கோடும் 23.5 மில்லிமீட்டர் நீளம், அகலம் 13.6 மைக்ரோமீட்டர். ஒரு தலைமயிரின் தடிமனுக்குள் இப்படி ஐந்து கோடுகள் அடங்கும். பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே இடைவெளியே கிடையாது. இரண்டு தலைகளின் இடுக்குகளும் எதிரெதிர்த் திசையில் 20 பாகை சாய்ந்திருப்பதால், ஒன்று எழுதியதை மற்றதால் படிக்க முடியாது. அந்தச் சாய்வே வேலி. நிமிடத்துக்கு அரை மீட்டர் நாடா. அதில் 4,000 கோடுகள்.

இவ்வளவு நெருக்கத்தில் ஒரு தூசு விழுந்தாலும் கோடுகள் பல அழியும். ஆனாலும் பாட்டு கெடுவதில்லை. இதற்குக் காரணம் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1960-இல் வெளியிட்ட ஒரு கருத்து. தாளில் ஒரு நேர்கோட்டை வரைய இரண்டு புள்ளிகள் போதும். நான் இரண்டுக்குப் பதிலாக, அதே கோட்டின் மேல் ஐந்து புள்ளிகளைக் குறித்து உங்களுக்கு அனுப்புகிறேன் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒன்று இடம் மாறிவிட்டால், மற்ற நான்கும் ஒரே கோட்டில் நிற்கும். தவறியது எது என்பது உடனே தெரியும், அது எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதும் தெரியும். கோட்டுக்குப் பதில் இன்னும் சிக்கலான வளைவுகள், புள்ளிகளுக்குப் பதில் எண்கள்: இதுதான் ரீட்–சாலமன் குறியீடு. டாட்டில் இந்தக் காவல் இரண்டு அடுக்காக இருக்கிறது. 28 எண்களுக்கு 4 காவல் எண்கள் ஓர் அடுக்கு. 26 எண்களுக்கு 6 காவல் எண்கள் மற்றோர் அடுக்கு. ஒலிக்கென ஒதுக்கிய இடத்தில் பத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு இந்தக் காவலுக்கே போகிறது. மேலும், அடுத்தடுத்து வர வேண்டிய எண்கள் நாடாவில் அடுத்தடுத்து இருப்பதில்லை, கலைத்துத் தூவப்பட்டிருக்கும். ஆகவே ஒரு கீறல் ஓரிடத்தை முழுமையாக அழிக்காமல், பல இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே காயப்படுத்தும். அந்தச் சிறு காயங்களைக் கணிதம் ஆற்றிவிடுகிறது. இந்த மீட்பில் ஊகம் சிறிதும் இல்லை. திரும்பக் கிடைப்பது 1994-இல் எழுதப்பட்ட அதே எண்.

காயம் பெரிதானால் கருவி வேறொன்றைச் செய்கிறது. கவனமாக இருக்க வேண்டிய முதல் இடம் இதுதான். ஒரு தலை அழுக்கேறி அடைத்துக்கொண்டால் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடுகள் முழுக்கப் போய்விடும். அதற்கும் வடிவமைப்பாளர்கள் வழி வைத்திருந்தார்கள். இடது ஒலியில் இரட்டைப்படை இடங்களில் வரும் எண்களும் வலது ஒலியில் ஒற்றைப்படை இடங்களில் வரும் எண்களும் ஒரு கோட்டில். மீதி அடுத்த கோட்டில். ஒரு கோடு போனாலும், காணாமற்போன ஒவ்வோர் எண்ணின் இருபுறத்து எண்களும் மிஞ்சியிருக்கும். அவற்றின் சராசரியைக் கருவி நடுவில் போட்டுவிடும். காதுக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அது எழுதப்பட்ட அலை அல்ல. ஊகித்த அலை. வீட்டுக் கருவிகள் இதை வாய்திறந்து சொல்வதில்லை. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பிழை எண்ணிக்கையைக் காட்டும் தொழில்முறைக் கருவிகளைத் தேடுகிறார்கள்.

சிலர் இன்னும் சுவையான வழியில் போகிறார்கள். டாட் நாடாவையே கணினித் தரவு சேமிக்கவும் பயன்படுத்திய காலம் உண்டு. அந்தத் தரவு இயக்கிகளில் சில, குறிப்பாக சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளுக்கென உள்மென்பொருள் எழுதப்பட்டவை, ஒலி நாடாக்களையும் படிக்கும். அவற்றில் நாடா பாட்டாக ஒலிக்காது, கோப்பாகவே வெளிவரும். எந்த இடத்தில் பிழை என்ற விவரத்தையும் பதிந்துகொள்ளலாம்.

கோப்பு கையில் வந்த பிறகும் சின்னச் சின்னக் கண்ணிகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது முன்னழுத்தம் என்ற கண்ணி. பழைய டிஜிட்டல் கருவிகள் சில, பதியும்போது மேல் சுருதிகளை ஏறத்தாழ 10 டெசிபல் வரை தூக்கி எழுதிவிட்டு, 'இதைத் திரும்ப இறக்கவும்' என்று ஒரு சிறு குறியை நாடாவில் வைக்கும். மாற்றும் வழியில் அந்த ஒற்றைக் குறி தொலைந்தால், பாட்டு முழுவதும் கீச்சென்று கூர்மையாக ஒலிக்கும். கேட்பவர், 'பழைய டிஜிட்டல் பதிவு, அப்படித்தான் இருக்கும்' என்று நினைத்துக்கொள்வார். படைத்தவர் அந்தக் கூர்மையைக் கேட்டதே கிடையாது.

டிஜிட்டல் நாடாவுக்கு மட்டுமே உரிய ஒரு வரமும் இருக்கிறது. கடற்கரையில் கைமாறிய படிகள் டிஜிட்டல் கம்பி வழியே எடுக்கப்பட்டிருந்தால், அவை எண்ணுக்கு எண் ஒன்றே. ஒரு படி டெல் அவீவில், இன்னொன்று லண்டனில், இரண்டும் பாதி கெட்டவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோப்புகளையும் ஓர் எண் பிசகாமல் அருகருகே நிறுத்தி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கிடைப்பது முழு மௌனம். எங்கே மௌனம் குலைகிறதோ அங்கே இரண்டில் ஒன்றாவது கெட்டிருக்கிறது. பிழைப் பதிவேட்டைப் பார்த்து எது நல்லது என்று தீர்மானித்து எடுத்துக்கொள்ளலாம். ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்த நம் பதிப்பாசிரியர்கள் செய்த வேலைதான் இது. இவர்களுக்கு வாய்த்த வசதி, படி எடுத்தவர் தம் விருப்பத்துக்கு ஓர் எழுத்தையும் மாற்றியிருக்க முடியாது என்பது.

கேசட்டில் இந்த வசதி இல்லை. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டிய நாடா, ஜெனரேட்டர் மின்சாரத்திலும் தேய்ந்த உருளைகளிலும் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியிருக்கும். ஒரு சதவீதம் கூடினாலே சுருதி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அரைச்சுரம் உயர்ந்துவிடும். நல்லவேளையாக, கணினியால் ஓட்டப்பட்ட இசை தன் அளவுகோலைத் தானே சுமந்து வருகிறது. 1990-களின் டிரான்ஸ் படைப்பாளிகள் பலர் அட்டாரி எஸ்டி போன்ற கணினியில் சீக்வென்சர் வைத்து சின்தசைசர்களை இயக்கினார்கள். நிமிடத்துக்கு 145 அடி என்று வைத்தால், அடிக்கும் அடிக்கும் இடையே 413.8 மில்லிநொடி, எட்டு நிமிடம் ஓடினாலும் அதே இடைவெளிதான். பதிவில் அது 410, 416 என்று அலைந்தால், அலைந்தது நாடாதான். ஒவ்வோர் அடியும் விழுந்த நேரத்தை அளந்து, நாடாவின் தள்ளாட்டத்தை வரைபடமாக்கி, கோப்பை அதற்கு எதிராக நீட்டியும் சுருக்கியும் நேராக்கலாம். மனிதர் வாசித்த மத்தளத்துக்கு இதைச் செய்தால் வாசித்தவரின் உயிர்ப்பே போய்விடும். இங்கே அந்தப் பயம் வேண்டாம். இன்னும் நுட்பமான முறையும் உண்டு: காந்தப் பதிவுக்கு உதவியாக நாடாவில் ஏற்றப்படும் காதுக்கெட்டாத உயர் அதிர்வெண்ணின் எச்சத்தைத் தனிப்பட்ட தலையால் படித்து, அதையே கடிகாரமாகக் கொள்வது.

இனி இந்த இசைக்கே உரிய சிக்கல். டாட்டில் இரண்டு தலைகளும் ஒரே சமயத்தில் தவறினால் ஒரு சட்டகம், அதாவது 30 மில்லிநொடி, அடியோடு போகும். 145 அடி வேகத்தில் அடியைக் கால்வாசியாக்கிய ஒரு குறிப்பின் நீளம் 103 மில்லிநொடி. இழப்பு அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நீண்டு ஒலிக்கும் ஒரு சுருதியின் நடுவே இந்த ஓட்டை விழுந்தால், முன்னும் பின்னும் உள்ள அலையின் போக்கைக் கணித்து மென்பொருள் தையல் தெரியாமல் நிரப்பிவிடும். கிக் டிரம்மின் தாக்கம் தொடங்கும் இடத்தில் விழுந்தால் எதைக் கொண்டும் நிரப்ப முடியாது; தாக்கத்துக்கு முன் அதைப் பற்றிய தகவலே இல்லை.

அப்போது ஓர் ஆசை வரும். இந்த இசைதான் திரும்பத் திரும்ப வருகிறதே, முந்தைய சுற்றிலிருந்து அந்தத் துண்டை எடுத்து ஒட்டினால் என்ன? வெளியிலிருந்து கேட்பவருக்கு டிரான்ஸ் எட்டு நிமிடம் ஒரே சத்தம். உள்ளே நடப்பது வேறு. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சிறு வெள்ளிப் பெட்டி, கிட்டார் கலைஞர்கள் துணைக்கு வைத்துப் பயிற்சி செய்யவென்று 1981-இல் வந்தது. விலைபோகாமல் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. பழைய பொருளாக அதை வாங்கியவர்கள், 16 குறிப்புகளை ஓட்டவிட்டு அதன் ஃபில்டர் குமிழைத் திருகத் தொடங்கியதிலிருந்து ஓர் இசையே பிறந்தது. குறிப்புகள் மாறவில்லை, குமிழ் மாறிக்கொண்டே இருக்கிறது. 290 சுற்றுகள் கொண்ட எட்டு நிமிடப் படைப்பில், மேல் சுருதிகள் ஒவ்வொரு சுற்றிலும் இழையளவு திறக்கின்றன அல்லது மூடுகின்றன. உடல் அதைத்தான் பின்தொடர்கிறது. முந்தைய சுற்றின் துண்டை இங்கே ஒட்டினால், குமிழைத் திருகிய கை ஒரு கணம் பின்னால் குதிக்கும். கேட்பவருக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ அறுந்ததை உணர்வார். அங்கே ஒரு சிறு மௌனத்தை விட்டுவைப்பதே நேர்மை என்பேன்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்கும் இதே கடிவாளம் வேண்டும். தட்டில் கீறல் எழுப்பும் 'டிக்' என்ற ஒலி, அலையில் திடீரென்று எழும் ஒரு கூர்முனை. 303-இன் ரம்பப்பல் அலையும் கூர்முனைகளின் வரிசைதான். கிக் டிரம்மின் முகப்பும் அப்படியே. தானியங்கி முறையில் விட்டுவிட்டால், மென்பொருள் கீறலோடு சேர்த்து இசையின் பற்களையும் பிடுங்கிவிடும். நீக்கியதை மட்டும் தனியே ஒலிக்கவிட்டுக் கேட்க வேண்டும். அதில் தாளம் கேட்டால், நீக்கக் கூடாததை நீக்கியிருக்கிறோம்.

இதுவரை சொன்னது மீட்பு. இன்றைய கேட்பவருக்காகச் செய்யும் மறுசீரமைப்பு வேறு. கோவா டிரான்ஸின் வழிவந்த இன்றைய சைடிரான்ஸில் பேஸ் மிகக் கனமானது. அதற்குப் பக்கத்தில் 1995-இன் பதிவு மெலிந்து நிற்கும். கீழ்ச் சுருதிகளுக்குச் சற்று ஊட்டம் கொடுப்பதில் தவறில்லை; அன்றைய பதிவுகள் ஆளுயர ஸ்பீக்கர் அடுக்குகளை நம்பிச் செய்யப்பட்டவை, காதுக்குள் செருகும் கருவியை நினைத்தல்ல. ஆனால் எல்லாவற்றையும் உச்ச உரப்புக்கு நெருக்கித் தள்ளும் வழக்கம் இந்த இசைக்கு நஞ்சு. மெல்ல வளர்ந்து ஏறுவதற்காகக் கட்டப்பட்டதை முதல் நொடியிலேயே உச்சத்தில் வைத்துவிட்டால் ஏறுவதற்கு இடமேது? இப்போது அதற்குத் தேவையும் இல்லை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பொதுவாக எல்லாப் பாடல்களையும் மைனஸ் 14 லஃப்ஸை ஒட்டிய ஒரு பொது உரப்புக்குக் கொண்டுவந்து ஒலிக்கவைக்கின்றன. நெருக்கியது அங்கே சத்தமாக ஒலிக்காது, தட்டையாகத்தான் ஒலிக்கும்.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சரண்ஜித் சிங்கின் கதையைச் சொல்வேன். பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982-இல் ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 என்ற மூன்று ரோலண்ட் கருவிகளை மட்டும் வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிந்தார். எச்.எம்.வி. தட்டாக வெளியிட்டது, வாங்குவாரில்லை. பல ஆண்டுகள் கழித்து எடோ பௌமன் என்ற டச்சு சேகரிப்பாளர் ஒரு பிரதியைக் கண்டெடுத்தார். 2010-இல் மறுவெளியீடு வந்தது. 303-ஐ நடன இசையின் மையத்துக்குக் கொண்டுவந்தது சிகாகோவின் 1987-ஆம் ஆண்டுத் தட்டு 'ஆசிட் டிராக்ஸ்' என்று அதுவரை எழுதிவந்தவர்கள் திகைத்துப் போனார்கள். சிகாகோக்காரர்கள் பம்பாய்த் தட்டைக் கேட்டிருந்தார்கள் என்பதற்குச் சான்று இல்லை. தனித்தனியே கண்டடைந்த வழிகள்தாம். ஆனாலும் வரலாற்றின் வரிசையில் ஒரு பெயர் முன்னால் ஏறியது. அந்தப் பெயருக்குரியவர் முதுமையில் வெளிநாட்டு மேடைகளில் அந்த ராகங்களை வாசித்துவிட்டு, 2015-இல் மறைந்தார். தட்டு என்பதால் அது தப்பியது. டாட்டில் இருந்திருந்தால்?

காந்தத் துகளை நாடாவோடு ஒட்டிவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதைகிறது; கோவாவின் மழைக்காலம் அதற்குத் தோதானது. அதைவிட அவசரமானது கருவி. டாட் கருவிகளை நிறுத்துவதாகச் சோனி 2005-இல் அறிவித்தது. சுழலும் தலைகள் ஓட ஓடத் தேய்பவை; புதிதாகச் செய்வாரில்லை. காந்த நாடாக்களைப் படிக்கும் கருவிகள் உலகெங்கும் அருகிவருவதைப் பற்றி யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் 2019-இல் ஓர் எச்சரிக்கைத் திட்டத்தையே தொடங்கின. 2025-ஐ ஒட்டிய காலத்தைக் கெடுவாக அவர்கள் குறித்திருந்தார்கள். கேசட் ஓட்டும் கருவி இன்றும் புதிதாகக் கடையில் கிடைக்கிறது. டாட்டுக்கு எஞ்சியிருப்பது பழைய கருவிகளும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த சிலரும்தான். ஆகவே அந்தக் கடற்கரையிலிருந்து வந்த ஒரு பெட்டி யார் கைக்காவது கிடைத்து, அதில் 1984-இன் கேசட்டும் 1994-இன் டாட்டும் சேர்ந்து இருந்தால், முதலில் படிக்க வேண்டியது இரண்டாவதை. நாடா கொடுத்த எண்களைத் தொடாமல் அப்படியே ஒரு கோப்பாக வைத்துவிட்டு, சீர்திருத்த வேலையை அதன் நகலில் செய்யலாம். அதற்கு அவசரமில்லை.